72 மினியேச்சர், ஒரு சாப்பாட்டு மேசை: எந்த விதிநூல் பொருந்தும்?

கேள்வி: நானும் நண்பரும் மேசைப் போர் விளையாட்டுக்காக 28 மி.மீ. ஃபேண்டஸி மினியேச்சர்கள் (சிறு பொம்மை வீரர்கள்) வாங்கி வண்ணம் தீட்டி வைத்திருக்கிறோம். ஆளுக்கு 36: காலாள் 24, வில்லாளி 6, குதிரை வீரர் 6. என்னுடையது மனிதப் படை, அவருடையது ஓர்க் எனும் அரக்கர் படை. பேஸ் (காலடியில் ஒட்டும் சிறு தட்டு) இன்னும் ஒட்டவில்லை. மேசை 5 அடிக்கு 3 அடி. வாரத்தில் ஒரு மாலை, 3 மணி நேரம் கிடைக்கும். எந்த விதிநூலில் ஆடலாம்: வார்ஹேமரா, கிங்ஸ் ஆஃப் வாரா, வேறு ஏதாவதா?

பதில்: பேஸ் ஒட்டாமல் வைத்திருப்பது மிக நல்லது. விதிநூல் பிடிக்காவிட்டால் வேறொன்று வாங்கிக்கொள்ளலாம். தப்பான அளவில் ஒட்டிய 72 பேஸைப் பெயர்த்தெடுப்பதுதான் பெரும்பாடு. ஆகவே எந்த விதிநூலாக இருந்தாலும், அது என்ன பேஸ் கேட்கிறது, படை மேசையில் எவ்வளவு அகலம் பிடிக்கும், அடிபட்டால் ஆட்களை ஒவ்வொருவராக எடுக்க வேண்டுமா என்ற மூன்றையும் முதலில் பாருங்கள். கதையும் படைப் பட்டியலும் பிறகு.

வார்ஹேமரின் அணிவகுப்புப் போர் ஆட்டம் 1983இல் வந்தது, 2015இல் நிறுத்தப்பட்டது, தி ஓல்ட் வேர்ல்ட் என்ற பெயரில் 2024 ஜனவரியில் திரும்பியது. ஆழமான ஆட்டம்தான். ஆனால் உங்களுக்கு இப்போது வேண்டாம். முழு ஆட்டத்துக்கு 6 அடிக்கு 4 அடி மேசையும், இப்போது உள்ளதைவிடப் பெரிய படையும் வேண்டும். 3 மணி நேரத்தில் புதியவர்கள் முடிப்பது கடினம். அதில் மனிதக் காலாளுக்கு 25 மி.மீ. சதுரம், ஓர்க்குக்கு 30 மி.மீ., குதிரை வீரருக்கு 30க்கு 60. பழைய வார்ஹேமரில் மனிதருக்கு 20 மி.மீ.தான். பழைய படை வைத்திருந்தவர்கள் இந்த மாற்றத்தால் பட்ட பாடு கொஞ்சமல்ல.

டிராகன் ரேம்பன்டில் தொடங்குங்கள். ஆஸ்ப்ரே 2015இல் வெளியிட்ட சிறிய நூல். ஒவ்வோர் அணிக்கும் பலம் (எவ்வளவு அடி தாங்கும் என்ற கணக்கு) 12 அல்லது 6. வழக்கமான ஆட்டத்தில் ஒரு பக்கத்து அணிகளின் மதிப்பு மொத்தம் 24 புள்ளி. உங்கள் 24 காலாட்கள் 12 பேராக இரண்டு அணி. வில்லாளி 6 பேரை, ஆளுக்கு 2 பலம் என்று கணக்கிட்டு ஓர் அணியாக்கலாம். குதிரை வீரர் 6 பேர் ஓர் அணி. ஆக நான்கு. புள்ளி மீந்தால் அணிகளுக்குச் சிறப்புத் திறன் சேர்த்து 24ஐ எட்டலாம்.

இந்த ஆட்டத்தின் உயிரும் சிக்கலும் ஒரே இடத்தில் இருக்கின்றன. ஓர் அணியை நகர்த்தவோ தாக்க வைக்கவோ இரண்டு பகடை உருட்டி, அந்தச் செயலுக்கு உரிய எண்ணை எட்ட வேண்டும். எட்டாவிட்டால் உங்கள் முறை அங்கேயே முடிந்தது. 5 தேவை என்றால் 83 சதவீதம் பலிக்கும், 6 என்றால் 72, 7 என்றால் 58. நான்கு அணிக்கும் 6 தேவை என்று வைத்துக்கொண்டால், நான்கும் ஒரே முறையில் இயங்க வாய்ப்பு 27 சதவீதம்தான். சராசரியாக ஒரு முறைக்கு இரண்டு அணிக்குச் சற்றுக் குறைவாகவே இயங்கும். எனவே எது நடந்தே தீர வேண்டுமோ அதை முதலில் உருட்டுங்கள். சுலபமானதை முதலில் முடித்துவிடலாம் என்று நினைப்பவர்தான் குதிரைப்படையைக் கடைசிவரை நிறுத்தியே வைத்திருப்பார். முதல் உருட்டலே பொய்த்து, எதுவும் செய்யாமல் முறை போவதும் அடிக்கடி நடக்கும். அது எரிச்சலூட்டினால், ஒரு முறைக்கு ஒரு தோல்வியை மன்னிப்பது என்று வீட்டு விதி வைத்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் சமமாக இருந்தால் ஆட்டம் கெடாது.

அணிவகுத்து மோதும் பெரும்போர்தான் ஆசை என்றால், அடுத்த படி கிங்ஸ் ஆஃப் வார், மூன்றாம் பதிப்பு. இதில் யாரையும் மேசையிலிருந்து எடுப்பதில்லை. அணி முழுதும் ஒரே பலகையாகக் கணக்கு. அடியைக் குறித்துக்கொண்டே போய், தாக்கியவர் இரண்டு பகடை உருட்டிச் சேதத்தோடு கூட்டுவார். ஓர் அணியின் நெர்வ் (மன உறுதி எண்) 14/16 என்றால், கூட்டுத்தொகை 14ஐத் தொட்டால் தடுமாறும், 16ஐத் தொட்டால் சிதறி ஓடும். 8 சேதம் வாங்கிய அணிக்கு 6 விழுந்தால் தடுமாற்றம், 8 விழுந்தால் கதை முடிந்தது. பக்கவாட்டில் தாக்கினால் தாக்குதல் இரட்டிப்பு, பின்புறத்தில் மும்மடங்கு. ஆகவே பக்கவாட்டில் சுற்றி வர இடமில்லாத மேசையில் இந்த ஆட்டம் சப்பென்று போய்விடும்.

உங்கள் 5 அடி மேசை சுமார் 152 செ.மீ. ஒரு மனித ரெஜிமென்ட்டின் (காலாள் அணியின்) முகப்பு 10 செ.மீ., ஓர்க்குக்கு 12.5. படையின் மொத்த முகப்பு மேசை அகலத்தில் பாதியைத் தாண்ட வேண்டாம். அதாவது ஆளுக்கு ஐந்தாறு அணி, 1000 புள்ளி அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள். சிறிய மேசைக்காக, நகரும் தூரத்தை அங்குலத்துக்குப் பதில் 2 செ.மீ. என்று அளப்பவர்களும் உண்டு. தூரம் சுருங்குமே தவிர அணியின் அகலம் சுருங்காது. சுற்றி வளைப்பதுதான் கடினமாகும். மேசை சிறிதென்றால் படையைக் குறைப்பதே மேல்.

டிராகன் ரேம்பன்ட், கிங்ஸ் ஆஃப் வார் இரண்டுக்கும் ஒரே பேஸ் போதும். எல்லாக் காலாளையும் 25 மி.மீ. சதுரத்தில் தனித்தனியாக ஒட்டுங்கள். 12 பேரை நான்குக்கு மூன்றாக நிறுத்தினால் 100க்கு 75 மி.மீ. வருகிறது. கிங்ஸ் ஆஃப் வாரில் மனித ரெஜிமென்ட்டின் அளவு 100க்கு 80; 12 பேர் கச்சிதமாக உட்காருவார்கள். ஓர்க்குக்கு 125க்கு 100 என்பதால் மீதி இடத்தில் பாறை, முட்செடி ஒட்டிக்கொள்ளலாம். முறைப்படி ரெஜிமென்ட்டுக்கு 20 பேர். வீட்டில் 12 பேரே நிறைவாகத் தெரியும். போட்டிக்குப் போவதாக இருந்தால் அங்கே குறைந்தபட்ச எண்ணிக்கையைக் கேட்டுக்கொள்ளுங்கள். குதிரை வீரருக்கு 25க்கு 50. ஐந்து பேர் ஒரு ட்ரூப் (சிறிய அணி), 125க்கு 50.

பணம் செலவழிக்குமுன் இந்த அளவுகளில் அட்டை வெட்டி, மேலே அணியின் பெயரை எழுதி, இரண்டு மாலை விளையாடிப் பாருங்கள். அதுவரை மினியேச்சரை ப்ளூ டாக் போன்ற, எளிதில் பெயர்க்கக்கூடிய ஒட்டு மாவால் தற்காலிகமாக நிறுத்தினால் போதும். பிளாஸ்டிக் சிமென்ட், பிளாஸ்டிக் பேஸை உருக்கி ஒன்றாக்கிவிடும், பிரிக்க முடியாது. சூப்பர் குளூ என்றால் ஃப்ரீசரில் சில மணி நேரம் வைத்தபின் பெரும்பாலும் விட்டுவிடும்.

அணியைத் தூக்கி நகர்த்த ட்ரே செய்யும்போது, விளிம்பு வைப்பதானால் உள்ளளவை இரண்டு பக்கமும் 1 முதல் 2 மி.மீ. கூட்டுங்கள். வண்ணமும் மணலும் ஏறியபின் 25 மி.மீ. பேஸ் 25ஆக இருக்காது. விளிம்பு இல்லாமல் காந்தம் வைப்பதானால் ட்ரேயின் மேல் தகரத் தகடு ஒட்டுங்கள். எவர்சில்வர் தகட்டில் பல வகை காந்தத்தைப் பிடிக்காது. கடையிலேயே ஒரு காந்தத்தை வைத்துப் பார்த்து வாங்குங்கள்.