கொழுப்பு மாத்திரையும் மருந்துக்கடையும்: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்

கேள்வி: என் அப்பாவுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். அன்றிலிருந்து அடோர்வாஸ்டாடின் என்ற கொழுப்பு மாத்திரையை 40 மி.கி. அளவில் சாப்பிட்டு வந்தார். அண்மையில் எடுத்த பரிசோதனையில் எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பு 68 என்று வந்ததும், 'நார்மலாகிவிட்டது' என்று தாமாகவே நிறுத்திவிட்டார். வழக்கமாக மருந்து வாங்கும் கடையில் இருப்பவர்தான், 'ஏன் சார், இந்த மாத்திரையை மட்டும் வாங்கவில்லை?' என்று கேட்டு, டாக்டரைப் பார்த்துவிட்டு வரும்படி சொல்லியிருக்கிறார். கடைக்காரர் இதிலெல்லாம் தலையிடலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: அவர் தம் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறார், தங்கள் தந்தை தாமதிக்காமல் மருத்துவரைப் பார்க்கட்டும். 68 என்பது மாத்திரையால் வந்த எண். மாத்திரையை விட்டால் சில வாரங்களிலேயே எல்.டி.எல். பழைய அளவுக்கு ஏறிவிடும். ஆய்வுக்கூடத் தாளில் அச்சாகியிருக்கும் வரம்பு எல்லோருக்கும் பொதுவானது. மாரடைப்பு வந்தவர்களுக்கு எல்.டி.எல். 55-க்குக் கீழே இருக்க வேண்டும் என்று இந்திய இதயவியல் கழகம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. எனவே மருத்துவர் சிகிச்சையைக் கூட்டவும் கூடும். ஸ்டாடின் (அடோர்வாஸ்டாடின் போன்ற கொழுப்பு மருந்துகளின் பொதுப்பெயர்) அளவை இரட்டிப்பாக்கினால் எல்.டி.எல். மேலும் 6 சதவீதம் அளவுக்குத்தான் குறையும். எசெட்டிமைப் என்ற மாத்திரையைக் கூடவே கொடுத்தால் ஏறத்தாழ 20 சதவீதம் குறையும் என்பதால், பலருக்கு இரண்டையும் சேர்த்துத் தருகிறோம்.

தாங்கள் கேட்டதில் முக்கியமானது கடைக்காரரின் பங்கு. கொழுப்பு மாத்திரையை விட்டவருக்கு உடம்பில் எதுவும் தெரிவதில்லை. மூன்று மாதத்துக்கோ ஆறு மாதத்துக்கோ ஒருமுறை பார்க்கும் என் போன்றவர்களிடம், 'ஒழுங்காகச் சாப்பிடுகிறேன்' என்று சொல்லிவிடுவது அவருக்கு எளிது. மருந்துக்கடையின் பில்லில் அது ஒளியாது. முப்பது மாத்திரை வாங்கிச் சென்றவர் ஐம்பதாம் நாள் வந்து நின்றால், இடையில் இருபது நாள் விட்டுப்போயிருக்கிறது என்பது கடையில் இருப்பவருக்குத்தான் முதலில் தெரிகிறது. அவர் கேட்கும் ஒரு கேள்வி, நான் எழுதும் இன்னொரு சீட்டைவிடப் பல நேரங்களில் பயன்தரும்.

இதற்குக் கனடாவில் நல்ல சான்று உண்டு. ஆல்பர்ட்டா, சஸ்காட்சுவான் மாகாணங்களில் 54 மருந்துக்கடைகளில், இதயநோய் அபாயம் கூடிய 675 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2002-இல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு மருந்தாளுநர்களே விரல் நுனியில் குத்திக் கொழுப்பைப் பார்த்து, விளக்கம் சொல்லி, மருத்துவரிடம் அனுப்பி, தொடர்ந்து விசாரித்துவந்தார்கள். முழுக் கொழுப்புப் பரிசோதனை செய்துகொண்டவர்களும், கொழுப்பு மருந்து தொடங்கப்பட்டோ கூட்டப்பட்டோ இருந்தவர்களும் சேர்ந்து இந்தப் பிரிவில் 57 சதவீதம். வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் 31 சதவீதம்தான். பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை முன்கூட்டியே முடித்துக்கொண்டார்கள். இங்கிலாந்தில் 2011 முதல், நீண்டகால மருந்தைப் புதிதாகத் தொடங்குபவரை மருந்துக்கடை சில வாரங்களுக்குள் இருமுறை அழைத்து விசாரிக்கும் அரசுத் திட்டம் நடக்கிறது. 2021-இல் கொழுப்பு மருந்துகளும் அதில் சேர்க்கப்பட்டன.

நம் நாட்டிலும் 2015-ஆம் ஆண்டின் மருந்தியல் நடைமுறை விதிகள், நோயாளிக்கு ஆலோசனை சொல்வதை மருந்தாளுநரின் கடமைகளில் ஒன்றாகவே வைத்திருக்கின்றன. ஆனால் மாலை ஏழு மணிக்கு, பத்துப் பேர் சீட்டை நீட்டிக்கொண்டு நிற்கும் கடையில், அந்தக் கடமைக்கு நேரம் எங்கே? சுவரில் சட்டம் போட்டு மாட்டிய சான்றிதழில் உள்ளவர் ஒருவர், மாத்திரையை வெட்டித் தருபவர் வேறொருவர் என்ற நிலையும் பல கடைகளில் இருக்கிறது. தங்களுக்கு வாய்த்திருப்பவர் அக்கறையுள்ளவர், கடையை மாற்றாதீர்கள். ஒன்றை மட்டும் நினைவில் கொள்க: ஸ்டாடின் மருத்துவர் சீட்டின் பேரில் தரவேண்டிய மருந்து. அளவைக் கூட்டுவதோ நிறுத்துவதோ கடையில் முடிவாகக் கூடாது.

கேள்வி: அடோர்வாஸ்டாடின் தொடங்கியதிலிருந்து கெண்டைக்கால் வலிக்கிறது. கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டால் போதுமா?
– வாசகர், மதுரை

பதில்: வலி மாத்திரை கேட்கும்போதே, 'கொழுப்பு மாத்திரை சாப்பிடுகிறேன்' என்றும் சொல்லுங்கள். வேறு புதிய மருந்து ஏதாவது சேர்ந்ததா என்று மருந்தாளுநர் விசாரிக்க வேண்டும். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கும், இட்ராகொனசோல் என்ற பூஞ்சை மருந்தும் அடோர்வாஸ்டாடினோடு சேர்ந்தால் தசைக்குக் கேடு வரலாம். சிறுநீர் கரும்பழுப்பாகப் போனாலோ, எழுந்து நிற்கவே பலமில்லாமல் போனாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

மற்றபடி, வலிக்கு மாத்திரைதான் காரணம் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். தொந்தரவு தாங்காமல் ஸ்டாடினை விட்டுவிட்ட 60 பேருக்கு, எது எது என்று சொல்லாமல், சில மாதங்கள் ஸ்டாடினும் சில மாதங்கள் மருந்தே இல்லாத போலி மாத்திரையும் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2020-இல் லண்டனிலிருந்து வெளியானது. ஸ்டாடினின்போது அவர்கள் உணர்ந்த தொந்தரவில் 90 சதவீதம், போலி மாத்திரையின்போதும் இருந்தது. அவர்களுக்கு வலித்தது உண்மைதான். ஆனால் பெரும்பகுதிக்கு மருந்து காரணமில்லை. விவரம் தெரிந்த பலர் பின்னர் மாத்திரையை மீண்டும் தொடங்கினார்கள்.

கேள்வி: சீட்டில் எழுதிய கம்பெனி இல்லையென்று, விலை குறைந்த வேறு கம்பெனி மாத்திரையைத் தருகிறார்கள். வாங்கலாமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: மருந்தின் பெயரும் மில்லிகிராமும் ஒன்றாக இருந்து, மருத்துவருக்கும் தெரிந்திருந்தால் வாங்கலாம். மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகம் போன்றவற்றில் ஜெனரிக் ஸ்டாடின் கிடைக்கிறது. விலை கட்டுப்படியாகாமல் பாதியில் நிறுத்துவதைவிட இது எவ்வளவோ மேல். வீட்டிலிருக்கும் பழைய அட்டையைக் கொண்டுபோய்க் காட்டி வாங்குங்கள். பெயர் வேறாக இருப்பதால் இரண்டும் வேறு மருந்து என்று நினைத்து, இரண்டையும் சேர்த்து விழுங்குகிறவர்களைப் பார்க்கிறேன். பாதி அட்டை வாங்குவதானால், மருந்தின் பெயரும் காலாவதி தேதியும் அச்சாகியிருக்கும் பக்கத்தை வெட்டித் தரச் சொல்லிக் கேட்டு வாங்கவும்.