பிறருக்காக வேண்டுதல்: உபதேசியாரிடம் கேள்வி பதில்

கேள்வி (மானிப்பாய்): என் மகன் ஆலயத்துக்கு வருவதை நிறுத்தி ஏழு வருடமாகிறது. நாள்தோறும் ஜெபிக்கிறேன், மாற்றமில்லை. இன்னும் எவ்வளவு காலம்?

பதில்: அம்மா, லூக்கா 18இல் நியாயாதிபதியிடம் ஓயாமல் நியாயம் கேட்டுவந்த விதவையின் உவமையைப் பலரும் தலைகீழாக வாசிக்கிறார்கள். அந்த நியாயாதிபதி அநீதியுள்ளவன். அவள் தன்னை அலட்டாதிருக்க வேண்டுமென்றே நியாயம் செய்தான். கடவுளும் அப்படித்தான் என்று இயேசு சொல்லவில்லை. அவனே செய்தானென்றால் கடவுள் செய்யாதிருப்பாரோ என்றுதான் கேட்கிறார். ஆகவே உங்கள் ஏழு வருட ஜெபத்தை அவரைக் களைக்கச்செய்யும் முயற்சியாக எண்ணவேண்டாம்.

பேதுருவை நோக்கி, "உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்" என்று ஆண்டவர் சொன்ன அதே இரவில்தான் அவன் மூன்று தரம் மறுதலித்தான். அந்த வேண்டுதல் அவன் விழாதிருப்பதற்காக அல்ல, விழுந்த பின்னும் விசுவாசம் அற்றுப்போகாதிருப்பதற்காகவே செய்யப்பட்டது. திருச்சபையின் பெரிய ஆசிரியரான அகுஸ்தீனுக்காகப் பல வருடம் கண்ணீர் வடித்த அவருடைய தாய் மொனிக்கா, 387இல் மிலானில் மகன் ஞானஸ்நானம் பெற்றதைக் கண்டு, அதே வருடத்தில் ஒஸ்தியாவில் காலமானார்.

என் தாயார் ஒரு நாற்பது தாள் கொப்பியில் தாம் ஜெபிப்பவர்களின் பெயர்களைப் பென்சிலால் எழுதிவைத்திருந்தார். 1995 ஒக்ரோபரில் போரால் நேர்ந்த யாழ்ப்பாண இடப்பெயர்வில் நாவற்குழிப் பாலத்தை அவர் கடந்தபோது, அந்தக் கொப்பி அரிசிப் பையினுள் இருந்தது. எவர் பெயரையும் அவர் வெட்டியதில்லை, ஜெபம் கேட்கப்பட்டால் பக்கத்தில் "ஸ்தோ." (ஸ்தோத்திரம்) என்று குறிப்பார். பாதிப் பெயர்களுக்கு அந்தக் குறி விழவேயில்லை.

கேள்வி (சுண்டிக்குளி): ஜெபக்கூட்டத்தில் அயலவரின் குடும்பப் பிரச்சினையை விபரமாகச் சொல்லலாமா?

பதில்: பெயர் போதும். விபரம் கடவுளுக்குத் தெரியும். தெரியாதிருப்பது உங்களருகே முழந்தாளிட்டிருப்பவருக்கு மட்டுமே.

கேள்வி (அளவெட்டி): கனடா விசாவுக்கு எத்தனை நாள் உபவாசம் இருக்கவேண்டும்?

பதில்: அப்படியொரு நாட்கணக்கு வேதத்தில் இல்லை. படிவத்தைப் பிழையின்றி நிரப்பினீர்களா என்பதையும் பாருங்கள்.

கேள்வி (கோப்பாய்): 2009இல் காணாமற்போன அண்ணனை உயிரோடிருப்பவராக எண்ணி ஜெபிப்பதா, இறந்தவராகவா? அம்மா ஒருவிதம் சொல்கிறார். கத்தோலிக்கரான என் மனைவி வேறுவிதம் சொல்கிறார்.

பதில்: தம்பி, உங்களுக்குத் தெரியாததைத் தெரிந்ததுபோல் ஜெபத்தில் சொல்லத் தேவையில்லை. பெயரைச் சொல்லி, "அவர் உமது கையில் இருக்கிறார்" என்று மட்டும் சொல்லுங்கள். இறந்தவருக்காக வேண்டும் வழக்கம் எங்கள் புரட்டஸ்தாந்து சபையில் இல்லை என்பதையும் சொல்லியாகவேண்டும். ஆனால் அம்மாவைத் திருத்த அதைப் பயன்படுத்தாதீர்கள்.

கேள்வி (குருநகர்): அதென்ன "வழக்கம் இல்லை"? போரில் மடிந்தவர்களுக்காக யூதப் படைத்தலைவர் யூதா மக்கபே எருசலேமில் பலி ஒப்புக்கொடுக்கச் செய்தது 2 மக்கபேயர் 12இல் இருக்கிறதே!

பதில்: இருக்கிறது, ஐயா. 1995இல் வெளிவந்த பொதுமொழிபெயர்ப்பில் அந்நூல் இணைத் திருமுறைப் பகுதியில், அதாவது கத்தோலிக்கர் ஏற்கும் கூடுதல் நூல்களிடையே உள்ளது. நான் சிறுவயதில் வாசித்த வேதாகமத்தில் அது இல்லை. எங்கள் தரப்பு அதைக் கோட்பாட்டுக்கு ஆதாரமாகக் கொள்வதில்லை. மரித்தவர் கிறிஸ்துவிடம் இருக்கிறார், நம் வேண்டுதலால் அவருக்குக் கூடுவதோ குறைவதோ இல்லை என்பதே எங்கள் நிலைப்பாடு. எனினும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: நேற்றுவரை நாள்தோறும் உச்சரித்த பெயரை, அடக்க ஆராதனை முடிந்த மாலையிலேயே நாவிலிருந்து எடுத்துவிடு என்று ஒரு தாய்க்குச் சொல்ல என்னால் முடிந்ததில்லை.

கேள்வி (காரைநகர்): கணவர் குடியை விட எத்தனை நாள் ஜெபிக்கவேண்டும்?

பதில்: மறுபடியும் நாட்கணக்கு! மானிப்பாய் அம்மாவுக்கு எழுதியதை வாசியுங்கள். அவரை வைத்தியரிடமும் அழைத்துச் செல்லுங்கள். அவர் குடிப்பதை ஜெபக்கூட்டத்தில் விபரிக்கவேண்டாம்.

கேள்வி (குருநகர், மீண்டும்): அப்படியானால் இறந்தோரை நினைவுகூரும் நவம்பர் 2ஆம் திகதி எங்கள் சேமக்காலைக்கு (கல்லறைத் தோட்டத்துக்கு) வருவீர்களா?

பதில்: வருவேன். மெழுகுதிரி ஏற்றமாட்டேன், கடற்காற்றில் உங்களுடையது அணையாமல் கையால் மறைத்துப் பிடிப்பேன்.