காது கேட்காத குழந்தை மயங்கி விழுந்தால் ஈசிஜி எடுங்கள்

கேள்வி: எங்கள் பையனுக்கு ஐந்து வயது. பிறவியிலேயே இரண்டு காதும் கேட்காது. ஓடி விளையாடும்போதும் பயந்துபோனாலும் மயங்கி விழுவான், கைகால் வெட்டும். வலிப்பு என்று மாத்திரை கொடுத்தும் நின்றபாடில்லை. காது கேட்பதற்காகக் காக்ளியர் கருவி பொருத்தப் போன இடத்தில் ஈசிஜி எடுத்துவிட்டு, இதயத்தில்தான் கோளாறு, பரம்பரை நோய் என்கிறார்கள். காதுக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்? நான் கட்டியிருப்பது தாய்மாமன் மகனைத்தான். இரண்டாவது பெண்ணுக்கும் வருமா?
– வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: சம்பந்தம் இருக்கிறது, அந்த ஈசிஜி எடுத்தது பெரிய விஷயம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது ஜெர்வெல்–லாங்கே நீல்சன் நோயாக இருக்கலாம். 1957-ல் நார்வேயைச் சேர்ந்த இந்த இரண்டு மருத்துவர்களும், ஒரே வீட்டில் காது கேட்காத நான்கு பிள்ளைகள் அடிக்கடி மயங்கி விழுந்ததையும், அவர்களில் மூன்று பேர் சின்ன வயதிலேயே திடீரென்று இறந்துபோனதையும் பதிவு செய்தார்கள்.

நம் செல்களின் சுவரில் பொட்டாசியம் போய்வர நுண்ணிய வாசல்கள் உண்டு. இதயம் ஒவ்வொரு முறை துடித்த பிறகும் பொட்டாசியம் வெளியே போனால்தான் செல் அடுத்த துடிப்புக்குத் தயாராகும். அந்த வாசலைக் கட்டும் மரபணு பழுதானால் அது தாமதமாகிறது, ஈசிஜியில் 'க்யூடி' இடைவெளி நீண்டு தெரிவது இதைத்தான்; வழக்கமாக 0.44 விநாடிக்குள் இருப்பது இந்தக் குழந்தைகளில் பெரும்பாலும் 0.5-ஐத் தாண்டிவிடும். அந்த நேரத்தில் ஓட்டமோ பயமோ வந்தால் துடிப்பு தாறுமாறாகி, மூளைக்கு ரத்தம் போகாமல் பிள்ளை விழுகிறான், கைகால் வெட்டுகிறது, பார்ப்பவர்களுக்கு அது அச்சு அசல் வலிப்புதான். உள்காதில் இருக்கும் திரவத்துக்குப் பொட்டாசியம் போவதும் இதே வாசல் வழியாகத்தான், அது இல்லாமல் காது கேட்காது.

சிகிச்சை இல்லாவிட்டால் பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகள் 15 வயதுக்குள் இறந்துவிடுகிறார்கள், அதனால் தள்ளிப்போடாதீர்கள். ஓட்டம், பயத்தால் இதயம் தாறுமாறாகாமல் அடக்கிவைக்கும் ப்ரோப்ரனலால் போன்ற பீட்டா பிளாக்கர் மாத்திரை கொடுப்பார்கள், ஒரு வேளைகூடத் தவறக்கூடாது. சிலருக்கு, துடிப்பு தாறுமாறானால் மின்அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யும் ஐசிடி கருவியையும் நெஞ்சில் வைக்க வேண்டியிருக்கும். வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டர் சொல்லட்டும். ஓட்டப்பந்தயம், நீச்சல் வேண்டாம். அப்புறம் ஒன்று, இதை ரொம்பப் பேர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்: வாந்திக்குத் தரும் ஒன்டான்செட்ரான், டோம்பெரிடோன், சளிக் காய்ச்சலுக்குத் தரும் அசித்ரோமைசின் எல்லாம் இந்த இடைவெளியை இன்னும் நீட்டக்கூடியவை. எந்த மெடிக்கல் ஷாப்பிலும், எந்த டாக்டரிடமும் நோயின் பெயரை முதலில் சொல்லுங்கள். வயிற்றுப்போக்கில் பொட்டாசியம் குறைந்தாலும் இந்த இடைவெளி நீளும், அதனால் உடனே ஓஆர்எஸ் கொடுத்து மருத்துவமனைக்குப் போங்கள்.

காக்ளியர் ஆபரேஷனைக் கைவிட வேண்டியதில்லை. இதய டாக்டரும் மயக்க மருந்து டாக்டரும் முன்கூட்டியே கலந்து பேசித் தயாராக இருந்தால் செய்யலாம்.

சொந்தத்தில் கட்டியதால் ஒரே பழுது இரண்டு பக்கமும் இருக்க வாய்ப்பு கூடுகிறது, அவ்வளவுதான்; யாரும் உங்களைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. பெற்றோர் இருவரிடமும் அந்த மரபணுவின் பழுதான பிரதி ஒவ்வொன்று இருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் பிள்ளைக்கு இந்த நோய் வர 25 சதவீதம் வாய்ப்பு. சின்னவளுக்குக் காது நன்றாகக் கேட்டாலும் அவளுக்கும், உங்கள் இருவருக்கும் இந்த வாரமே ஈசிஜி எடுத்துவிடுங்கள், ஏனென்றால் ஒரே ஒரு பழுதான பிரதி இருப்பவர்களில் சிலருக்கும் க்யூடி நீண்டு மயக்கம் வரலாம்.