முன்னொட்டுப் பட்டியலை மனப்பாடம் செய்யலாமா?

தம்பி, ஆங்கிலப் பேச்சு ஓரளவு புரிகிறது, வீட்டுக்கு வரும் கடிதங்களைப் பிரித்தால்தான் தலை சுற்றுகிறது என்று எழுதியிருந்தீர்கள். யாரோ முன்னொட்டுகளும் (சொல்லின் முன்னால் ஒட்டும் துண்டுகள்) வேர்ச்சொற்களும் அடங்கிய நீளமான பட்டியல் ஒன்றைக் கொடுத்திருக்கிறார், அதை மனப்பாடம் செய்யலாமா என்பது உங்கள் கேள்வி. சொல்லைத் துண்டாகப் பிரித்துப் பொருளை ஊகிக்கும் வழி நல்ல வழிதான். ஆனால் பட்டியலை மூடி வைத்துவிட்டு, வந்த கடிதத்திலிருந்தே தொடங்குங்கள்.

1066-இல் பிரான்சின் நார்மண்டியிலிருந்து வந்த நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு ஆட்சியும் நீதிமன்றமும் பல காலம் பிரெஞ்சிலும் லத்தீனிலும் நடந்தன. அந்த வாடை இன்னும் போகவில்லை. முடிப்பதைக் கூட வேலை பார்ப்பவர் 'எண்ட்' என்று சொன்னால், அதையே ஒப்பந்தம் 'டெர்மினேட்' என்கிறது. இப்படி லத்தீன் வழி வந்த சொற்களில் பல, துண்டு துண்டாகப் பிரியக்கூடியவை. 'ஸ்க்ரிப்ட்' என்றால் எழுதுவது. 'ப்ரீ' என்றால் முன்பு. மருந்து வாங்கும் முன் மருத்துவர் எழுதித் தருவது ப்ரிஸ்கிரிப்ஷன். 'சப்' என்றால் கீழே. அடியில் கையெழுத்துப் போட்டுச் சேர்வதிலிருந்து வந்தது சப்ஸ்கிரிப்ஷன். 'போர்ட்' என்றால் சுமந்து செல்வது: இம்போர்ட், எக்ஸ்போர்ட், டிரான்ஸ்போர்ட். வெளிநாட்டில் வந்து வாழும் நம்மைப் போன்றவர்களுக்குப் பிடிக்காத 'டிபோர்ட்' (நாடு கடத்துவது) கூட அந்தக் குடும்பம்தான்!

'இன்' என்ற எதிர்மறை முன்னொட்டு மட்டும் வேஷம் மாற்றும். இன்கம்ப்ளீட் என்று வரும், ஆனால் இம்பாசிபிள், இல்லீகல், இர்ரெகுலர் என்றும் வரும். நாலையும் தனித்தனியாகப் படிக்க வேண்டியதில்லை. மரம் என்பதோடு கள் சேர்ந்தால் மரங்கள் ஆகிறது அல்லவா, அதே புணர்ச்சிதான். அடுத்து வரும் எழுத்துக்கு ஏற்ப வாய் வளைந்துகொடுக்கிறது.

எனக்கு இந்த வழி அதிகம் கைகொடுத்தது மருத்துவமனைக் காகிதங்களில். அங்கே கிரேக்கத் துண்டுகள் நிறைய. சொல்லின் கடைசியில் 'ஐட்டிஸ்' இருந்தால் அழற்சி, 'எக்டமி' இருந்தால் அறுத்து நீக்குவது. அபெண்டிசைட்டிஸ் குடல்வால் அழற்சி நோய், அபெண்டெக்டமி அதற்கான அறுவை. 'ஹைப்பர்' என்றால் கூடுதல், 'ஹைப்போ' என்றால் குறைவு. ஹைப்பர்டென்ஷன் உயர் ரத்த அழுத்தம், ஹைப்போடென்ஷன் அதற்கு நேர்மாறு. வேகமாகச் சொன்னால் இரண்டும் காதில் ஒன்றுபோலவே விழும். கூச்சப்படாமல் எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.

சில சொற்கள் காலை வாரிவிடும். 'இன்ஃபிளாமபிள்' என்று எழுதியிருந்தால் தீப்பிடிக்காது என்று எண்ணிவிடாதீர்கள், எளிதில் தீப்பிடிக்கும் என்றுதான் பொருள். அங்கே உள்ள 'இன்' எதிர்மறை அல்ல. இந்தக் குழப்பத்துக்குப் பயந்துதான் எச்சரிக்கைப் பலகைகளில் 'ஃபிளாமபிள்' என்று போடுகிறார்கள். 'இன்வேல்யுபிள்' என்றாலும் மதிப்பற்றது அல்ல, விலைமதிப்பற்றது. அதனால் துண்டு பிரிப்பது ஊகத்துக்கு மட்டும். பணம், விசா, கெடு தேதி என்று வந்தால் அகராதியைப் பார்த்துவிட்டே கையெழுத்துப் போடுங்கள். சொல்லின் பிறப்பைச் சொல்லும் வரி உள்ள அகராதியாக இருந்தால் இன்னும் நல்லது. ஒரு சொல்லுக்குப் போய் நாலு சொல்லோடு திரும்புவீர்கள்.

அப்புறம், பேச்சு ஓரளவு புரிகிறது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். 'போஸ்ட்போன்' என்றால் பிரித்துவிடலாம்: 'போஸ்ட்' பிறகு, 'போன்' வைப்பது. மேலாளர் அப்படிச் சொல்ல மாட்டார், மீட்டிங் 'புட் ஆஃப்' என்பார். மறுநாள் 'கால் ஆஃப்' என்பார். முன்னது ஒத்திவைப்பு, பின்னது ரத்து. இரண்டும் சின்னச் சின்னச் சொற்கள்தான், ஆனால் எப்படிப் பிரித்தாலும் பொருள் வராது. இவற்றைக் கேட்ட அன்றே முழு வாக்கியமாகக் குறித்து வையுங்கள்.