கனடாவில் குளிர்காலத்தில், ஹீற்றர் இல்லாத கராஜில் பிட்கொயின் மைனிங் மெஷின் ஓட்டலாமா?

ஓட்டலாம். பிட்கொயின் கிடைப்பதற்காக இரவுபகலாகக் கணக்குப் போடுகிற கணினிதான் அந்த மெஷின், என்னுடைய கராஜில் இப்போதும் ஒன்று ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் கேள்விக்குக் கீழே "வெளியே மைனஸ் இருபது, கூலிங் சும்மா கிடைக்கும்தானே" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். அதைப் பார்த்தபிறகு பேசாமல் போக மனம் வரவில்லை. இந்த வரியைத்தான் சொந்தக்காரர், வேலையிடத்துச் சிநேகிதர், கராஜுக்குள் எட்டிப்பார்த்த கூரியர்காரர் வரைக்கும் எல்லோரும் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

உங்கள் நிலைமையை நானே ஊகிக்கிறேன். கராஜ் ஒட்டிய வீடு. யாரோ தெரிந்த அண்ணை ஒருவர் எஸ்9 என்கிற பழைய மைனிங் மெஷின் ஒன்றை மலிவாகத் தாறன் என்கிறார். அது ஓடினால் எழுபத்தைந்து டெசிபெலுக்குக் கிட்டச் சத்தம் போடும், அதனால் பேஸ்மென்ற்றில் வைக்க வீட்டில் விடமாட்டார்கள். மிச்சம் இருக்கிற இடம் கராஜ்தான். நான் இருப்பது ரொறன்ரோவுக்குக் கிழக்கே, கதையும் கிட்டத்தட்ட இதேதான். நீங்கள் வின்னிபெக், எட்மன்டன் பக்கம் என்றால் கீழே சொல்வதை இன்னும் கடுமையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த "சும்மா கூலிங்" கதை. எஸ்9க்குத் தயாரிப்பாளர் கொடுத்த வெப்பநிலை வரம்பு 0 முதல் 40 பாகை வரை. ஃபான் வேகத்தைப் பொறுத்து, உள்ளே போகிற காற்றைவிட வெளியே வருகிற காற்று இருபது, இருபத்தைந்து பாகை கூடுதலாக இருக்கும். அப்படியென்றால் மைனஸ் இருபதில் காற்றை நேராக உள்ளே விட்டால் பின்பக்கத்தால் வருவதே பூச்சியத்தை ஒட்டித்தான் வரும். மெஷினுக்குள் சிப்புகள் பதித்த மூன்று போர்டுகள் இருக்கின்றன; போர்டின் முன் முனை உறைந்துபோய் இருக்க, பின் முனைச் சிப்புகள் சூடாக இருக்கும். ஒரே போர்டில் இரண்டு பருவகாலம்! அந்தப் போர்டில் 63 சிப்புகள், ஒவ்வொன்றின் தலையிலும் ஒட்டிய ஹீற்சிங்க் (சூட்டை இழுத்து வெளியே விடுகிற உலோகத் துண்டு). விரிந்து சுருங்கி, விரிந்து சுருங்கி, கடைசியில் எங்காவது ஒரு ஈயப்பற்று விட்டுவிடும். ஒன்று விட்டால் அந்த வரிசையே போய்விடும்.

இருந்தாலும் நான் பார்த்தவரை மெஷினைக் கொல்வது பெரும்பாலும் ஈரம். இங்கேதான் சனம் தலைகீழாக விளங்கிக்கொள்கிறது. மைனஸ் இருபதில் ஒரு கனமீற்றர் காற்று ஒரு கிராம் அளவு நீராவியைத்தான் தாங்கும், இருபது பாகையில் பதினேழு கிராம் வரை தாங்கும். ஆகவே வெளியிலிருந்து வருகிற குளிர்காற்று காய்ந்த காற்று, அதைச் சூடாக்கினால் இன்னும் காய்ந்துபோகும். ஈரத்தைக் கொண்டுவருவது உங்கள் கார். ரோட்டு உப்பும் ஸ்னோவும் அப்பிய சில்லுகளோடு கொண்டுவந்து நிறுத்துகிறீர்கள், மெஷின் சூட்டில் எல்லாம் உருகி ஓடுகிறது, கராஜ் முழுக்க ஆவி. மெஷின் ஓடும் மட்டும் பயமில்லை, ஏனென்றால் கராஜிலேயே சூடான பொருள் அதுதான், அதில் நீர் படியாது. நிறுத்தினீர்களோ, கொஞ்ச நேரத்தில் அதுவும் குளிர்ந்த இரும்பு. பிறகு வீட்டுக் கதவைத் திறந்துவிட்டுச் சமையலறை ஆவியையும் உள்ளே விட்டால் போர்ட் முழுக்க வியர்க்கும், அதுவும் உப்போடு. நான் காரை வெளியே விட்டுவிட்டேன். ஒவ்வொரு காலையும் கண்ணாடி சுரண்டுகிறேன், அது வேறு கதை.

இன்னொன்று, சுவரில் ஓட்டை போட்டு வெளிக்காற்றை எடுக்கிறவர்கள் தூள் ஸ்னோவை மறக்கிறார்கள். காற்று வீசும் இரவில் அந்த மாவு மாதிரி ஸ்னோவை ஃபான் அப்படியே உறிஞ்சும். ஃபில்ற்றர் போட்டால் அது உறைந்து அடைக்கும்.

இனி கரண்ட் பில். ஒன்ராறியோவில் 2023 மே மாதம் நள்ளிரவு மலிவுக் கட்டணம் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். இரவு 11 முதல் காலை 7 வரை கிலோவாற் மணிக்கு 2.4 சதம், வார நாட்களில் மாலை 4 முதல் 9 வரை 24 சதம். அப்போதைய கணக்கு அது, பிறகு மாறியிருக்கிறது. எஸ்9 ஒன்று 1,350 வாற் எடுக்கிறது என்று வையுங்கள். இரவு எட்டு மணித்தியாலத்துக்கு 26 சதம், மாலை ஐந்து மணித்தியாலத்துக்கு 1 டொலர் 62 சதம். விநியோகக் கட்டணம் தனி. இதைக் கேட்டால் யாருக்கும் என்ன தோன்றும்? இரவில் மட்டும் ஓட்டுவோம் என்றுதான். கோடையில் தாராளமாகச் செய்யுங்கள். குளிர் கராஜில் செய்தால் தினமும் ஒருதரம் உறையவைத்து ஒருதரம் கொதிக்கவைக்கிறீர்கள். நான் பகலில் நிறுத்துவதில்லை. பிரெயின்ஸ் ஓஎஸ் மாதிரி ஒரு ஃபேம்வெயர் (மெஷினை உள்ளிருந்து இயக்குகிற மென்பொருள்) போட்டால் இத்தனை வாற்றுக்கு மேல் போகாதே என்று கட்டளை கொடுக்கலாம். மாலையில் குறைத்துவிடுவேன். சூடு ஆறாமல் கிடக்கும், பில்லும் தாங்கும்.

2022 டிசம்பர் 23, நத்தாருக்கு முன் வந்த புயல் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். ஒன்ராறியோவில் எத்தனையோ வீடுகளில் கரண்ட் போனது, எங்கள் தெருவும் அதில் ஒன்று. விளக்கு அணைந்த உடனே நான் செய்த முதல் வேலை கராஜுக்குப் போய் மெஷினின் பிளக்கைக் கழற்றியது. மச்சான் சிரித்தார், "கரண்டே இல்லை, எதைக் கழற்றுகிறாய்?" என்று. கரண்ட் திரும்ப வரும்போது மெஷின் தானாக எழும்பும் என்பது அவருக்குத் தெரியாது. உறைந்த மெஷின் தானாக எழும்பினால் நடப்பது இதுதான்: ஃபானுக்குள் கிறீஸ் இறுகியிருக்கும், சுழற்சி குறைவாக இருக்கும், ஃபான் பழுது என்று நினைத்து மெஷின் நிற்கும். அல்லது ஃபான் எழும்பி, முழு வேகத்தில் குளிர்காற்றை அடித்து, சிப்புகளைச் சூடாகவே விடாது. பவர் சப்ளைக்குள் இருக்கிற மின்தேக்கிகளும் குளிரில் சோம்பேறிகள். எழும்பி, விழுந்து, எழும்பி, விழுந்து, இரவு முழுக்க இதே கூத்து.

அடுத்த நாள் கரண்ட் வந்தபோது கராஜ் மைனஸ் பத்தைத் தாண்டிப் போயிருந்தது. சின்ன செராமிக் ஹீற்றர் ஒன்றைக் காற்று போகும் வாய்க்கு முன்னால் வைத்து, பெட்டியின் மேல் பழைய கம்பளியைப் போர்த்தி, அரை மணித்தியாலம் சூடேற்றினேன். வீட்டுக்குள் சூடு இன்னும் ஏறவில்லை. மாமி கதவருகே வந்து நின்று பார்த்துவிட்டு, "உதுக்குக் கம்பளி, எங்களுக்கு ஒண்டுமில்லை" என்றா. நியாயம்தான். ஆனால் பிளக்கைக் குத்திய உடனே மூன்று போர்டும் எழும்பின. அதே புயலில் அப்படியே விட்டிருந்த சிநேகிதர் ஒருவருக்கு மூன்றில் ஒன்று திரையில் வரவேயில்லை, பிறகு கடைசிவரை வரவுமில்லை. இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன், மறைக்கவில்லை.

பெட்டி என்றேன். அது ஒட்டுப்பலகையில் நானே அடித்தது. மெஷின் நடுவில், சூடான காற்றில் ஒரு பங்கைத் திரும்ப முன்வாய்க்குக் கொண்டுவர ஒரு வழி, அதில் கையால் திருப்புகிற ஒரு தகடு. வெளியே குளிரக் குளிர தகட்டை இன்னும் அகலமாகத் திறப்பேன். உள்ளே போகிற காற்று எப்போதும் பத்துப் பாகைக்கு மேலே. அவ்வளவுதான் இரகசியம். பத்து டொலர் வெப்பமானி ஒன்று காணும்.

"லாபமா?" என்று கேட்கப்போகிறீர்கள். ஒரு டெராஹாஷுக்கு, அதாவது ஒரு லட்சம் கோடி தடவை கணக்குப் போட, எஸ்9 நூறு ஜூல் அளவு எரிக்கும், புதிய மெஷினான எஸ்21 பதினேழரைதான். 2024 ஏப்ரலில் ஒரு புளொக்குக்கான (பிட்கொயின் கணக்கேட்டில் சேரும் ஒரு பக்கம் மாதிரி) வெகுமதி 6.25இலிருந்து 3.125 பிட்கொயினாகக் குறைந்தது. இந்தக் கணக்கில் எஸ்9 ஒன்றை வைத்து யாரும் வீடு வாங்கப்போவதில்லை. நான் அதை ஹீற்றராகத்தான் பார்க்கிறேன். கடையில் வாங்குகிற சின்ன மின் ஹீற்றர் 1,500 வாற், இது அதைவிடக் கொஞ்சம் குறைவு, எடுக்கிற கரண்ட் அத்தனையும் வெப்பமாக வருகிறது, மேலதிகமாகக் கொஞ்சம் சில்லறையும் தருகிறது. கரண்டில் சூடாகிற வீடு என்றால் (கியூபெக்கில் பெரும்பாலும் அப்படித்தான்) இந்த நியாயம் முழுதாக நிற்கும். எங்கள் வீடு காஸ், காஸ் சூடு மலிவு, ஆகவே அரைவாசிதான் நிற்கிறது. கராஜில் தச்சுவேலை செய்கிறவன் நான், விரல் விறைக்காமல் வாள் பிடிக்க முடிகிறது. எனக்கு அது காணும்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விடமாட்டேன். நான் மைனிங் செய்கிறேன் என்று தெரிந்தவுடன் எங்கள் ஆட்களில் பாதிப்பேர் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். காரணம் எனக்குத் தெரியும். சில வருடங்களுக்கு முன் ஒருவர் பாங்குவெற் ஹோல் எடுத்து, கொத்துரொட்டியும் கொடுத்து, ஏதோ ஒரு புதுக் கொயின் என்று படம் காட்டி, ஆளுக்கு ஆள் சேர்த்துவிட்டால் கொமிசன் என்று சொல்லி, வயதுபோனவர்களின் சேமிப்பை வழித்துக்கொண்டு போனார். சீட்டுப் பிடிக்கிறவர்கள்கூடப் பெயர் எழுதிக் கொப்பி வைத்திருப்பார்கள், இவரிடம் ஒரு துண்டுகூட இல்லை. காசைக் கொடுத்தவர்கள் கலியாண வீட்டில் என்னைக் கண்டு, "தம்பி, நீரும் உதுதானே செய்யிறீர், எங்கட காசு எப்ப வரும்?" என்று கேட்கிறார்கள். நான் என்ன சொல்ல? யாரிடமும் ஒரு சதம் வாங்காமல், என் கராஜில், என் பில்லில் ஒரு மெஷினை ஓட்டுகிறவனும் அவரும் ஒன்றா? அவர் இப்போதும் கோயில் திருவிழாவில் முன்வரிசையில்தான் நிற்கிறார்.

சரி, கேள்விக்கு வருகிறேன். சூட்டை வீணாக்கக் கூடாது என்று கராஜிலிருந்து வீட்டுக்குள் குழாய் இழுக்கும் யோசனை உங்களுக்கு வரும், எல்லோருக்கும் வரும். செய்யாதீர்கள். கராஜுக்கும் வீட்டுக்கும் நடுவிலுள்ள சுவர் வாயு புகாமல் இருக்க வேண்டும் என்பதும், அந்தக் கதவு தானாகச் சாத்திக்கொள்ள வேண்டும் என்பதும் ஒன்ராறியோ கட்டட விதி. காரின் கார்பன் மொனொக்சைட்டும் பெற்றோல் ஆவியும் அந்தக் குழாய் வழியாகப் பிள்ளைகள் படுக்கிற அறைக்குப் போகும்.

கரண்ட் இணைப்பும் அப்படித்தான். எஸ்9க்கு வழக்கமாகப் போடுகிற ஏபிடபிள்யூ3 பவர் சப்ளை 240 வோல்ற்றில் 1,600 வாற் தரும், சுவரில் இருக்கிற சாதாரண 120இல் 1,200தான். ஆகவே 240 லைன் தேவை. தொடர்ந்து ஓடுகிற சுமை என்றபடியால் பிரேக்கரின் 80 வீதத்துக்கு மேல் எடுக்கக் கூடாது. லைசென்ஸ் உள்ள ஆளை வைத்து, இஎஸ்ஏக்கு (ஒன்ராறியோவின் மின் பாதுகாப்பு ஆணையம்) அறிவித்துச் செய்யுங்கள். எக்ஸ்டென்ஷன் வயர் வேண்டவே வேண்டாம், குளிரில் அதன் உறை வெடிக்கும். எலி வரும், சூடு இருக்கிற இடத்துக்கு வராமல் எங்கே போகும், ஓட்டைகளுக்குக் கம்பிவலை அடியுங்கள்.

அந்த அண்ணையிடம் மெஷினை வாங்கும்போது அதை ஒரு மணித்தியாலமாவது ஓடவிட்டுப் பாருங்கள், திரையில் மூன்று போர்டிலும் 63 சிப்பு காட்ட வேண்டும். காரில் குளிரோடு கொண்டுவந்தால் பெட்டியை உடனே பிரிக்காமல் வீட்டுக்குள் ஒரு இரவு மூடியபடியே கிடக்க விட்டு, பிறகு கரண்ட் கொடுங்கள்.