அவுட்லுக்கில் புது டேட்டா ஃபைல் உருவாக்க முடியவில்லை, ஆஃபீஸை மறுபடி நிறுவியும் அதே பிழை. என்ன செய்வது?

பாப் முறையில் (சர்வரில் வரும் மெயிலை நம் கம்ப்யூட்டருக்கு இறக்கிக்கொள்ளும் முறை) மெயில் கணக்கைச் சேர்க்கும்போது டேட்டா ஃபைலை உருவாக்க முடியவில்லை என்று வருகிறது, ஆஃபீஸை இரண்டு முறை நீக்கிவிட்டுத் திரும்ப நிறுவியும் பலனில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து மூன்றாவது முறை நிறுவாதீர்கள். நான் நிறுவினேன். அதனால்தான் சொல்கிறேன்.

குமுளியில் ஒரு ஏலக்காய் வியாபாரியிடம் கணக்கு எழுதுகிறேன். வீடு கம்பத்தில். தினமும் காலையில் பஸ்ஸில் மலையேறி, சாயங்காலம் இறங்குகிறவன். கம்ப்யூட்டர் வேலை என்னுடையது இல்லை. ஆனால் சின்ன ஆபீசில் பிரிண்டரில் பேப்பர் சிக்கினால் யாரைக் கூப்பிடுவார்கள் என்று உங்களுக்கே தெரியும். எங்களுக்கு மெயில்தான் உயிர்நாடி. காய் ஏலம் புற்றடியிலும் போடியிலும் மின்னேலமாக நடக்கிறது. அதற்கு அப்புறம் வருகிற இன்வாய்ஸ், இ-வே பில், வாங்குகிறவர்கள் கேட்கிற சான்றிதழ் ஸ்கேன்கள் எல்லாம் மெயிலில்தான் போய்வருகின்றன.

இங்கே துலாவர்ஷ (வடகிழக்குப் பருவமழை) இடி பொல்லாதது. மதியம் வரை சுள்ளென்று வெயில் அடிக்கும், மூன்று மணிக்கு மேல் மலையே உருளுகிற மாதிரி இடிக்கும். அப்படி ஒரு ஐப்பசி மாதத்து இடியில் எங்கள் மெஷினில் இருந்த இரண்டு டிஸ்கில் ஒன்று செத்துப்போனது. விண்டோஸ் இருந்த சின்ன எஸ்எஸ்டி பிழைத்துக்கொண்டது. டி டிரைவாக இருந்த பழைய ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. அதில்தான் மெயில் ஃபைல் இருந்தது. சரி, போனது போகட்டும், புது ஃபைல் ஒன்று உருவாக்கி வேலையைத் தொடங்கலாம் என்று உட்கார்ந்தேன். உங்களுக்கு வருகிற அதே பிழை. அவுட்லுக்தான் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி, நீக்கி, நிறுவி, மறுபடி நீக்கி, நிறுவி... மலையில் நெட் வருகிற அழகுக்கு ஒவ்வொரு தடவையும் அரை நாள் போனது. பக்கத்து மேசை சேச்சி ஒரு மணிக்கு ஒருமுறை "சரியாயோ?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஆகவில்லை.

கடைசியில் கைகொடுத்தது ஒரு எளிய சோதனை. விண்டோஸில் புதிதாக ஒரு யூசர் கணக்கு உருவாக்கி, அதில் நுழைந்து அவுட்லுக்கைத் திறந்தேன். மூன்று நிமிடத்தில் மெயில் கணக்கு சேர்ந்தது, ஃபைலும் உருவானது. அதே மெஷின், அதே அவுட்லுக். அப்படியானால் கோளாறு மென்பொருளில் இல்லை, பழைய யூசரோடு ஒட்டிக்கொண்டிருக்கிற ஏதோ ஒரு அமைப்பில் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. ஆஃபீஸை நீக்கினாலும் அந்த யூசருக்கு உரிய ரெஜிஸ்ட்ரி (விண்டோஸும் மென்பொருள்களும் தங்கள் அமைப்புகளை எழுதி வைக்கும் பதிவேடு) அமைப்புகள் அப்படியே கிடக்கும். அதனால்தான் எத்தனை முறை நிறுவினாலும் பிழை திரும்ப வந்தது. எனக்கு முன்னால் அங்கே இருந்தவர், சி டிரைவ் சின்னது, மெயில் பெருகினால் நிறைந்துவிடுமே என்று, புது ஃபைல் எதுவானாலும் டி டிரைவில்தான் உருவாக வேண்டும் என்று ரெஜிஸ்ட்ரியில் எழுதி வைத்திருந்தார். நல்ல எண்ணம்தான். டி டிரைவே இல்லாத நாள் ஒன்று வரும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

ஆகவே நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அவுட்லுக் அந்த ஃபைலை எந்த இடத்தில் எழுதப் பார்க்கிறது?

அதற்கு முன் உங்களிடம் இருப்பது எந்த அவுட்லுக் என்று பாருங்கள். வலது மேல் மூலையில் 'நியூ அவுட்லுக்' என்ற பொத்தான் இயக்கத்தில் இருந்தால் அது வேறு ஜாதி. பிஎஸ்டி ஃபைல்களோடு (அவுட்லுக் மெயில்களைச் சேர்த்து வைக்கும் டேட்டா ஃபைல்) பழைய அவுட்லுக் செய்கிற எல்லா வேலையையும் அது செய்யாது. கிளாசிக் அவுட்லுக்குக்கு மாறிவிட்டு மேலே படியுங்கள்.

பாப் கணக்கு என்றால் உருவாவது பிஎஸ்டி ஃபைல். வழக்கமாக டாக்குமென்ட்ஸ் ஃபோல்டருக்குள் 'அவுட்லுக் ஃபைல்ஸ்' என்ற ஃபோல்டரில் போய் உட்காரும். ஐமேப் (மெயில் சர்வரிலேயே இருக்கும் முறை), எக்ஸ்சேஞ்ச், மைக்ரோசாஃப்ட் 365 கணக்குகளுக்கு ஓஎஸ்டி. இது ஆப்டேட்டா என்ற மறைந்திருக்கும் ஃபோல்டருக்குள், லோக்கல், மைக்ரோசாஃப்ட், அவுட்லுக் என்று போனால் இருக்கும். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஓஎஸ்டி என்பது சர்வரில் இருப்பதன் நகல். சிக்கல் செய்தால் அவுட்லுக்கை மூடிவிட்டு அதன் பெயரை மாற்றி வைத்தால் போதும், அடுத்த முறை திறக்கும்போது சர்வரிலிருந்து இறக்கிப் புதிதாக ஒன்றைக் கட்டிக்கொள்ளும். பிஎஸ்டி அப்படி இல்லை. பெரும்பாலும் அதுதான் ஒரே பிரதி. யாரோ யூடியூபில் அழிக்கச் சொன்னார் என்று பிஎஸ்டியை அழித்துவிட்டு வந்து நிற்காதீர்கள்.

இப்போது சோதனை. சி டிரைவில் 'மெயில்' என்று ஒரு ஃபோல்டர் உருவாக்குங்கள். கன்ட்ரோல் பேனலில் மெயில் என்று இருப்பதைத் திறந்து, டேட்டா ஃபைல்ஸ் போய், ஆட் கொடுத்து, இடம் கேட்கும்போது அந்த ஃபோல்டரைக் காட்டுங்கள். இதற்கு அவுட்லுக்கைத் திறக்கவே வேண்டாம். ஃபைல் உருவானால் மென்பொருள் நன்றாக இருக்கிறது, அது தானாகத் தேடிப்போகிற இடம்தான் சரியில்லை. அவசர வேலை என்றால் அங்கேயே கணக்கையும் சேர்த்துவிடலாம். விவரங்களை நாமே நிரப்புகிற முறையைத் தேர்ந்தெடுத்தால், புது மெயில்களை எங்கே போடுவது என்று கேட்கும். ஏற்கெனவே உள்ள டேட்டா ஃபைல் என்பதைத் தேர்ந்து, இப்போது உருவாக்கியதைக் காட்டுங்கள். உங்கள் வேலை ஓடிவிடும். காரணத்தை அப்புறம் நிதானமாகத் தேடலாம்.

எங்களுக்கு நேர்ந்ததுதானா என்று பார்க்க, ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் கரன்ட் யூசர் என்று முடிகிற பிரிவுக்குள் சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், ஆஃபீஸ், 16.0, அவுட்லுக் என்று போக வேண்டும். 2016, அதற்குப் பிந்திய பதிப்புகள், 365 எல்லாவற்றுக்கும் 16.0-தான். 2013 என்றால் 15.0. அங்கே ஃபோர்ஸ், பிஎஸ்டி, பாத் மூன்றும் ஒட்டி ஒரே சொல்லாக ஆங்கிலத்தில் ஒரு மதிப்பு இருக்கிறதா பாருங்கள். ஓஎஸ்டிக்கும் அதே மாதிரி ஒன்று உண்டு. அதில் எழுதியிருக்கும் டிரைவோ ஃபோல்டரோ இப்போது இல்லையென்றால் திருடன் அகப்பட்டான். அந்தப் பிரிவை எக்ஸ்போர்ட் செய்து வைத்துவிட்டு, பாதையைத் திருத்துங்கள், இல்லாவிட்டால் அந்த ஒரு மதிப்பை மட்டும் நீக்குங்கள். கைக்கு வந்ததையெல்லாம் நீக்க வேண்டாம். சாஃப்ட்வேருக்குள் பாலிசீஸ் என்ற பிரிவின் கீழும் இதே வரிசை இருக்கலாம். கம்பெனி மெஷினாக இருந்தால் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும், நீங்கள் நீக்கினாலும் திரும்ப வந்துவிடும். பிஎஸ்டியே உருவாக்கக் கூடாது என்று வேண்டுமென்றே தடுத்து வைக்கிற கம்பெனிகளும் உண்டு. அங்கே ரெஜிஸ்ட்ரியோடு மல்லுக்கட்டாமல் ஐடி ஆட்களைக் கேளுங்கள்.

ரெஜிஸ்ட்ரி சுத்தமாக இருந்தால் அடுத்துச் சந்தேகப்பட வேண்டியது டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரை. ஒன்டிரைவ் பேக்கப்பை இயக்கியிருந்தால் உங்கள் டாக்குமென்ட்ஸ் உண்மையில் ஒன்டிரைவுக்குள் இருக்கும். அவுட்லுக் எந்நேரமும் திறந்து வைத்து எழுதிக்கொண்டே இருக்கிற ஃபைலை ஒன்டிரைவ் மேலே ஏற்றப் பார்க்கும். இரண்டுக்கும் ஒத்துப்போகாது. பிஎஸ்டியை அங்கிருந்து வெளியே வைக்கும்படி மைக்ரோசாஃப்டே சொல்கிறது. விண்டோஸ் செக்யூரிட்டியில் ரேன்சம்வேர் பாதுகாப்பு என்ற பகுதியில் ஃபோல்டர்களுக்குக் காவல் போடும் வசதி ஒன்று இருக்கிறது. அதுவும், சில ஆன்ட்டிவைரஸ்களும், டாக்குமென்ட்ஸுக்குள் எழுதவிடாமல் தடுக்கலாம். பழைய டிவிடியில் எடுத்து வைத்த பிஎஸ்டியை நேராகத் திறக்கப் பார்த்தாலும் நடக்காது. படிக்க மட்டும்தான் என்றாலும் அவுட்லுக்குக்கு அதில் எழுதும் உரிமை வேண்டும். ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்து, ப்ராபர்ட்டீஸில் ரீட்-ஒன்லி குறியை எடுத்துவிட்டுத் திறக்க வேண்டும். டிஸ்க் நிறைந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் பாருங்கள்.

ஸ்கேன்பிஎஸ்டி ஓட்டிப் பாருங்கள் என்று கட்டாயம் யாராவது சொல்வார்கள். அது பழுதான ஃபைலைச் சரிசெய்கிற கருவி. உருவாகவே இல்லாத ஃபைலை எப்படிப் பழுது பார்க்கும்? பழைய பிஎஸ்டி திறக்கவில்லை என்றால் ஓட்டுங்கள், அதுவும் ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு.

அளவு பற்றியும் சொல்ல வேண்டும், நாங்கள் அடிபட்டது அதில்தான். 2002 பதிப்பு வரை வந்த பழைய வடிவ பிஎஸ்டிக்கு 2 ஜிபிதான் உச்சம். அந்தக் காலத்து ஃபைலை இன்றைய அவுட்லுக்கில் திறந்தாலும் அதே 2 ஜிபிதான், புது ஃபைல் உருவாக்கி மெயில்களை அதற்கு மாற்றினால்தான் விடிவு. 2003, 2007 பதிப்புகளில் 20 ஜிபி, 2010-லிருந்து 50 ஜிபி. இந்த எண்ணெல்லாம் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. தெரியாமல் போனது பென் டிரைவின் கணக்கு. வாரா வாரம் சனிக்கிழமை பிஎஸ்டியை ஒரு பென் டிரைவில் நகலெடுப்பது ஆபீஸ் வழக்கம். அந்த பென் டிரைவ் எஃப்ஏடி 32 முறையில் ஃபார்மேட் செய்தது. அதில் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைலாக ஏறாது. எங்கள் ஃபைல் 4 ஜிபியைத் தாண்டிய வாரத்திலிருந்து நகல் ஏறவே இல்லை. பிழைச் செய்தி வந்திருக்கும், யாரோ மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ, நானாகத்தான் இருக்கும். கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம்.

டிஸ்க் செத்த அன்று பார்த்தால் பென் டிரைவில் இருந்த நகல் இரண்டு மாதத்துக்கு முந்தியது. பாப் கணக்கில் சர்வரில் ஒரு பிரதி விட்டுவைக்கிற வசதி உண்டு. ஆனால் அவுட்லுக்கில் வழக்கமான அமைப்பு 14 நாளில் அதை அழித்துவிடும். எனவே கடைசி இரண்டு வார மெயில்கள் சர்வரிலிருந்து இறங்கின, இரண்டு மாதத்துக்கு முந்தையவை பென் டிரைவிலிருந்து வந்தன, நடுவில் ஒன்றரை மாதம் காணோம். அதுவும் காய் பறிப்பு மும்முரமாக இருந்த சமயம். வாங்கியவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டு, "பழைய மெயிலைக் கொஞ்சம் திருப்பி அனுப்புங்கண்ணே" என்று கெஞ்சினேன். பாதிப்பேர் அனுப்பினார்கள்.

இவ்வளவும் ஆன பிறகு முதலாளி கேட்டார்: "ஏன் தம்பி, ஒரே ஃபைலை நெட்வொர்க்கில போட்டு இங்கயும் போடி ஆபீஸ்லயும் தொறந்துக்கிட்டா என்ன?" கூடாது. ஒரு பிஎஸ்டியை ஒரே நேரத்தில் இரண்டு பேர் திறக்க முடியாது, நெட்வொர்க் டிரைவில் வைத்து வேலை செய்வதை மைக்ரோசாஃப்டும் ஆதரிப்பதில்லை. நீங்களும் நாஸ் டிரைவிலோ (நெட்வொர்க்கில் பொதுவாக வைக்கும் சேமிப்புப் பெட்டி) இன்னொரு மெஷினின் ஷேர் ஃபோல்டரிலோ உருவாக்கப் பார்க்கிறீர்கள் என்றால் உங்கள் பிழைக்கு அதுவே காரணமாக இருக்கலாம். இரண்டு இடத்தில் ஒரே மெயில் வேண்டுமென்றால் ஐமேப்புக்கு மாற வேண்டியதுதான். அடுத்த மாதமே மாறிவிட்டோம். பழைய மெயில்களுக்கான பிஎஸ்டி மட்டும் சி டிரைவில் இருக்கிறது. சனிக்கிழமை அவுட்லுக்கை மூடிவிட்டு, என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மேட் செய்த வெளி ஹார்ட் டிஸ்கில் அதை நகலெடுக்கிறேன். நகலின் அளவையும் தேதியையும் பார்த்த பிறகுதான் பஸ் ஸ்டாண்டுக்கு நடை.

புது யூசரில் சோதித்துவிட்டு, பிழைச் செய்தியின் முழு வாசகத்தையும் அதில் வருகிற பாதையையும் பின்னூட்டத்தில் எழுதுங்கள். செய்தி எண் 4010எஃப் என்று முடிந்தால் அதையும் சொல்லுங்கள். அது பெரும்பாலும் அவுட்லுக் தேடிப்போகிற இடத்தில் ஃபைல் இல்லை என்பதற்கு வருவது.