இலியோஸ்டமிக்குப் பின் நீர் மாத்திரையும் தலைசுற்றலும்
அடுத்த வேளை ஃபுரோசமைடு (நீர் மாத்திரை) கொடுக்கும் முன் சர்ஜனுக்கு போன் செய்யுங்கள், இன்றே. அப்பாவுக்கு இலியோஸ்டமி (சிறுகுடலை வயிற்றின் மேல் திறந்து, கழிவு பையில் சேரச் செய்யும் ஆபரேஷன்) முடிந்து பத்தாம் நாள், எழுந்தாலே தலைசுற்றல், சிறுநீர் குறைவு, பழைய ஃபுரோசமைடும் ராமிப்ரில் என்ற பிரஷர் மாத்திரையும் அப்படியே தொடர்கின்றன என்கிறீர்கள். இந்த விஷயத்தில் நாளை வரை பொறுக்க வேண்டாம்.

பெருங்குடல் உறிஞ்ச வேண்டிய நீரும் உப்பும் இப்போது பையில் போகின்றன. ஃபுரோசமைடு சிறுநீர் வழியாகவும் அவற்றை வெளியேற்றுகிறது. உடம்பு வறண்டிருக்கும்போது ராமிப்ரிலும் சேர்ந்தால் சிறுநீரகம் அடி வாங்கும். முதல் சில வாரங்களில் பலர் மறுபடி ஆஸ்பத்திரியில் சேர நீரிழப்பு ஒரு முக்கியக் காரணம்.

பையில் சேர்வதை அளந்து எழுதுங்கள். 24 மணி நேரத்தில் 1.5 லிட்டரைத் தாண்டினால் அதிகம். ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டுவது), சோடியம், பொட்டாசியம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

அப்புறம், வெறும் தண்ணீரை நிறையக் கொடுத்தால் பையில் போவது கூடத்தான் செய்யும். ஓஆர்எஸ் (உப்பு, சர்க்கரைக் கரைசல்) நல்லது, சிறிது சிறிதாக. இளநீர் வேண்டாம்: அதில் சோடியம் குறைவு, பொட்டாசியம் அதிகம், ராமிப்ரிலோடு அது ஆபத்து.

ஆனால் இதய பலவீனத்துக்காக ஃபுரோசமைடு தந்திருந்தால், நீங்களாக நிறுத்தாதீர்கள். ஓஆர்எஸ் அளவையும் டாக்டரே சொல்லட்டும். சிறுநீர் நின்றாலோ பேச்சு குழறினாலோ உடனே 108.